மூன்று கல்லூரிகள் கூப்பிடுகின்றன: எதைத் தேர்ந்தெடுப்பது?

எஸ்பிஎம் முடிவுகள் வெளிவந்த ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு வந்து சேரும் கடிதங்களைப் பார்த்தால், பிள்ளையைப் பிடித்துக்கொள்ள நாடே போட்டி போடுகிறது என்றுதான் பெற்றோருக்குத் தோன்றும். வழவழப்பான தாளில் பெயரை அச்சிட்டு, வாழ்த்துச் சொல்லி, இடம் ஒதுக்கியாகிவிட்டது என்று தனியார் கல்லூரிகள் எழுதுகின்றன. விண்ணப்பமே செய்யாத கல்லூரியிலிருந்துகூட வாட்ஸ்அப்பில் கடிதம் வருவதுண்டு. பள்ளியிலோ மண்டபத்திலோ நடந்த கல்விக் கண்காட்சியில் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதிக் கொடுத்ததே அதற்குப் போதும்.

இந்தக் கடிதங்களின் மதிப்பு என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது போட்டி. தனியார் கல்லூரியின் வாய்ப்புக் கடிதம் பெரும்பாலும் அப்படியல்ல. குறைந்தபட்சத் தகுதி இருக்கிறது, கல்லூரியில் இடமும் இருக்கிறது என்பதே அதன் பொருள். பொதுவான டிப்ளோமா படிப்புக்கு எஸ்பிஎம் தேர்வில் 3 பாடங்களில் கிரெடிட் போதும். பல்கலைக்கழகப் பட்டத்துக்கு முந்திய ஃபவுண்டேஷன் படிப்புக்கு 5 கிரெடிட். சான்றிதழ் நிலைப் படிப்புக்கு ஒரே ஒரு கிரெடிட். ஆகவே 5 கிரெடிட் வாங்கிய பிள்ளைக்கு நான்கு கல்லூரிகள் கடிதம் அனுப்பினால் அதில் வியப்பில்லை. சேர்வது எளிது. மூன்று ஆண்டு கழித்து, பாக்கியில்லாமல், எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் சான்றிதழோடு வெளியே வருவதுதான் கடினம். தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். அப்பாவுக்கு 57 வயது, தோட்டத்தில் வேலை. அம்மா பக்கத்துப் பட்டணத்துத் தொழிற்சாலையில் இருக்கிறார். மகள் 5 கிரெடிட் எடுத்திருக்கிறாள், தாதியாக வேண்டும் என்கிறாள். கையில் மூன்று கடிதங்கள். ஒன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள பெரிய கல்லூரியிலிருந்து, 10,000 வெள்ளி உபகாரச் சம்பளத்தோடு. இன்னொன்று பேருந்தில் ஒரு மணி நேரத்தில் போய் வரக்கூடிய கல்லூரி. மூன்றாவது ஒரு தனியார் மருத்துவமனையின் ஆதரவில் படிக்க வைக்கும் கல்லூரி, ஆனால் ஒப்பந்தம் உண்டு. மூன்றும் இரண்டு வாரத்துக்குள் பதில் கேட்கின்றன.

இரண்டு வாரக் கெடு

அவசரம் முதலில் கல்லூரிக்கு, பிறகுதான் மாணவருக்கு. யுபியு வழியாகச் செய்யும் பொதுப் பல்கலைக்கழக, பாலிடெக்னிக் விண்ணப்பங்களுக்கும், மெட்ரிகுலேஷனுக்கும், ஆறாம் படிவத்துக்கும் பதில் வரச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் பதிவுக் கட்டணத்தை வாங்கிவிட்டால் மாணவர் திரும்பிப் போகமாட்டார் என்பது கல்லூரிகளின் கணக்கு. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அது அவர்கள் வியாபாரம். ஆனால் தனியார் கல்லூரிகள் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் மாணவர்களைச் சேர்ப்பதில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று சேர்க்கைகள் உண்டு. இந்த மாதம் விட்டால் அடுத்த சேர்க்கையில் அதே இடம் பெரும்பாலும் கிடைக்கும்.

யுபியு பதில் வருவதற்கு முன் பெரிய தொகையைக் கட்டுவதில்தான் நம் குடும்பங்கள் அதிகம் அடிபடுகின்றன. பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு ஆகும் கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆறாம் படிவத்துக்கு ஏறக்குறைய செலவே இல்லை, அதில் கிடைக்கும் எஸ்டிபிஎம் சான்றிதழ் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ஏற்கப்படுகிறது. எஸ்பிஎம் தேர்வில் 10ஏ அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று அரசாங்கம் 2024ஆம் ஆண்டு அறிவித்தது. இந்தக் கதவுகள் மூடிய பிறகு தனியாருக்குப் போவது ஒன்று, அவை திறப்பதற்குள் போவது வேறு. இடத்தைப் பிடித்து வைக்கப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், யுபியு இடம் கிடைத்தால் எவ்வளவு திருப்பித் தரப்படும், எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டலாம். "பார்த்துச் செய்வோம் அங்கிள்" என்ற வாய்வார்த்தை ரசீது ஆகாது.

கல்லூரியை அல்ல, படிப்பைச் சோதியுங்கள்

"அது நல்ல காலேஜ்தானே?" என்று சொந்தக்காரர்களிடம் கேட்பதுதான் வழக்கம். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. ஒரே கல்லூரியில் ஒரு படிப்பு முழு அங்கீகாரம் பெற்றிருக்கும், பக்கத்து வகுப்பறையில் நடக்கும் இன்னொரு படிப்பு தற்காலிக அங்கீகாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். இங்கே அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது.

அதைத் தருவது எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி முகமை. முன்பு இந்தப் பணியைச் செய்த லான் எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் இடத்தில் 2007ஆம் ஆண்டு நவம்பரில் அது தொடங்கியது. அங்கீகாரம் பெற்ற படிப்புகள் அனைத்தும் எம்கியூஆர் எனும் பதிவேட்டில் இருக்கின்றன. இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம், கைப்பேசியே போதும். கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடினால் அதன் படிப்புகள் வரிசையாக வரும். அதில் நான்கு விவரங்களைக் கவனிக்க வேண்டும்: படிப்பின் பெயர் கடிதத்தில் உள்ளதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, எந்த வளாகத்துக்கு அந்த அங்கீகாரம், முழு அங்கீகாரமா தற்காலிகமா, எந்தத் தேதியோடு முடிகிறது.

வளாகம் என்ற இரண்டாவது விவரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தலைநகர் வளாகத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் வட மாநிலத்துக் கிளைக்குத் தானாக வந்துவிடாது. பதிவேட்டில் முகவரியைப் பார்த்து, பிள்ளை உட்காரப்போகும் கட்டடம் அதுதானா என்று உறுதி செய்ய வேண்டும். விளம்பரத் தாளின் அடியில் பொடி எழுத்தில் எம்கியூஏ எண் இருக்கும். எஃப்ஏ என்று வந்தால் முழு அங்கீகாரம், பிஏ என்று வந்தால் தற்காலிகம்.

தற்காலிகம் என்றாலே மோசடி என்று பயப்பட வேண்டாம். புதிதாகத் தொடங்கும் எந்தப் படிப்பும் முதலில் தற்காலிக அங்கீகாரத்தோடுதான் தொடங்கும். முதல் அணி மாணவர்கள் இறுதி ஆண்டுக்கு வரும்போது கல்லூரி முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும். கிடைத்துவிட்டால் நல்லது. கிடைக்காவிட்டால் சிக்கல் மாணவர் தலையில் விழும். மூன்று கடிதங்கள் கையில் இருக்கும்போது, மற்றவை எல்லாம் சமம் என்றால், முழு அங்கீகாரம் பெற்ற படிப்பை விட்டுவிட்டுத் தற்காலிகத்துக்குப் போகக் காரணமே இல்லை. அரசாங்க வேலையை மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் எஸ்பிஎம் மலாய்மொழிப் பாடத்திலும் கிரெடிட் வைத்திருக்க வேண்டும். இல்லாதவர்கள் அதை மறுதேர்வில் எடுக்க முடியும். கல்லூரியில் சேர்ந்தாயிற்று என்று அதை மறந்துவிடும் பிள்ளைகள், டிப்ளோமா வாங்கிய பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அதை நினைக்கிறார்கள்.

தொழிலுக்கு இன்னொரு வாசல்

சில தொழில்களுக்கு எம்கியூஏ அங்கீகாரம் மட்டும் போதாது. தாதிமைக்கு மலேசியத் தாதியர் வாரியம், பொறியியல் பட்டத்துக்கு மலேசியப் பொறியியலாளர் வாரியம், மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றம் என்று தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. தாதியர் வாரியம் ஏற்ற படிப்பை முடித்து, அதன் தேர்வில் தேறிப் பெயரைப் பதிந்தால்தான் தாதியாக வேலை செய்ய முடியும். மேலே சொன்ன 3 கிரெடிட் விதியை நம்பித் தாதிமைக்கும் போக முடியாது. எந்தெந்தப் பாடத்தில் தேர்ச்சி வேண்டும் என்பதை வாரியமே நிர்ணயிக்கிறது. கல்லூரியின் விளம்பரத்தை நம்பாமல் நடப்பு ஆண்டு விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டப்புறத்துப் பெண் பிள்ளைகள் பலர் தாதிமையைத் தேடிப் போவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஹெல்த்கேர்", "நோயாளர் பராமரிப்பு", "மருத்துவ உதவி" என்று பெயரிட்ட குறுகிய காலப் படிப்புகள் தாதிப் படிப்பு அல்ல. வெள்ளைச் சீருடை ஒன்றாக இருக்கலாம். அந்தப் படிப்பை முடித்தவர் பராமரிப்பாளராக வேலை செய்யலாம், அதுவும் கண்ணியமான வேலைதான். ஆனால் பதிவு பெற்ற தாதியாக முடியாது. தாதிமை டிப்ளோமா மூன்று ஆண்டுப் படிப்பு. ஒன்றரை ஆண்டில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அது எது என்று பெயரைக் கேட்டு எம்கியூஆரில் தேட வேண்டும்.

தொழில்திறன் படிப்புகளுக்குப் பாதை வேறு. எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழைத் தருவது திறன் மேம்பாட்டுத் துறை. அதில் 4ஆம் நிலை திறன் டிப்ளோமா, 5ஆம் நிலை உயர்திறன் டிப்ளோமா. வாகனப் பழுதுபார்ப்பு, மின்கம்பிப் பொருத்தல், வெல்டிங், சமையல்கலை போன்றவற்றில் இந்தச் சான்றிதழுக்கு வேலைச் சந்தையில் நல்ல மதிப்பு. ஆனால் "டிப்ளோமா" என்ற ஒரே சொல் இரண்டு பாதையிலும் வருவதால் குழப்பம். பின்னாளில் பட்டப்படிப்புக்குப் போக வேண்டும் என்ற ஆசை இருந்தால், எந்தப் பல்கலைக்கழகம் இதை ஏற்கும் என்று இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

ஃபவுண்டேஷன் கடிதம் கிடைத்தவர்களும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஃபவுண்டேஷன் முடித்தால், அதே பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குப் போவது சுலபம், வேறு இடத்துக்கு மாறுவது அவ்வளவு சுலபமல்ல. ஃபவுண்டேஷனைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் நான்கு ஆண்டுக் கட்டணத்தைத் தேர்ந்தெடுக்கிறார். முதலாண்டுக் கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் தொகையைப் பார்த்துப் படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஃபவுண்டேஷன் மட்டும் முடித்த சான்றிதழை வைத்து வேலை தேட முடியாது.

பணம்: முதல் செமஸ்டருக்கு அல்ல, கடைசி செமஸ்டருக்கு

கடிதத்தோடு வரும் கட்டண அட்டவணையில் பெரிய எழுத்தில் இருப்பது பாடக் கட்டணம் மட்டுமே. பதிவு, தேர்வு, நூலகம், ஆய்வகம், காப்புறுதி, சீருடை, பயிற்சிக்குப் போகும் மருத்துவமனைக்குப் போக்குவரத்து, பட்டமளிப்பு என்று மற்றவை வரிசையாகப் பின்னால் வரும். "படிப்பு முடியும்வரை எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, இடையில் கட்டணம் உயருமா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலைக் கல்லூரி முத்திரையோடு எழுத்தில் வாங்க வேண்டும். எழுதித் தரத் தயங்கும் கல்லூரியைப் பற்றி வேறெதுவும் விசாரிக்கத் தேவையில்லை.

மேலே சொன்ன குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. பெரிய கல்லூரியில் மொத்தக் கட்டணம் 45,000 வெள்ளி. உபகாரச் சம்பளம் 10,000 போக 35,000. அங்கே தங்க மாதம் 350, சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் 500. ஆக 850 வெள்ளி, 36 மாதத்துக்கு 30,600. மொத்தம் 65,600 வெள்ளி. பக்கத்துக் கல்லூரியில் உபகாரச் சம்பளம் கிடையாது, கட்டணம் 38,000. வீட்டிலிருந்தே போய்வருவதால் பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் மாதம் 250, மூன்று ஆண்டுக்கு 9,000. மொத்தம் 47,000. உபகாரச் சம்பளம் தந்த கல்லூரி 18,600 வெள்ளி அதிகம்.

இரண்டிலும் 20,000 வெள்ளி கல்விக் கடன் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், மிச்சத்தைக் குடும்பம் 36 மாதத்தில் தர வேண்டும். பக்கத்துக் கல்லூரிக்கு மாதம் 750 வெள்ளி. பெரிய கல்லூரிக்கு ஏறக்குறைய 1,267 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒருவர் சம்பளத்தில் முக்கால் பங்கு ஒரு பிள்ளையின் படிப்புக்கே போய்விட்டால், தம்பி தங்கைகளுக்கும் வீட்டுக்கும் என்ன மிஞ்சும் என்பதை அந்த வீட்டில்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்பாவின் வயதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. இன்று 57 வயதில் இருக்கும் அப்பா, மகள் மூன்றாம் ஆண்டை முடிக்கும் நேரத்தில் வேலையிலிருந்து இறங்குகிறார். தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அதோடு வீட்டையும் காலி செய்யும் கேள்வி வரும். மூன்று ஆண்டு டிப்ளோமா என்றால் சமாளிக்கலாம். ஃபவுண்டேஷனும் பட்டமுமாக நான்கு ஐந்து ஆண்டு என்றால் கடைசிக் கட்டணங்கள் வருமானம் நின்ற பிறகு வந்து நிற்கும். கல்லூரி ஆலோசகர் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டமாட்டார். கடைசி செமஸ்டரில் பாக்கி வைத்தால் சான்றிதழைத் தராமல் நிறுத்தி வைக்கும் கல்லூரிகள் உண்டு. மூன்று ஆண்டுப் படிப்பும் முடங்கிக் கிடக்கும்.

கடன் எங்கே, எவ்வளவு

தனியார் கல்லூரிக்குப் போகும் பி40 குடும்பங்களுக்குப் பிடிபிடிஎன் கடன்தான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. 1997ஆம் ஆண்டு தொடங்கிய இந்த நிதி, பெரும்பாலும் டிப்ளோமாவிலிருந்து மேலே உள்ள படிப்புகளுக்கே கடன் தருகிறது. கல்லூரியும் படிப்பும் அதன் பட்டியலில் இருக்க வேண்டும். "எங்களுக்குப் பிடிபிடிஎன் இருக்கிறது" என்று கல்லூரி சொன்னால், "இந்தப் படிப்புக்கு இருக்கிறதா?" என்று மறுபடி கேட்க வேண்டும். விண்ணப்பிக்க மாணவர் பெயரில் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும். எஸ்டிஆர் ரொக்க உதவி பெறும் குடும்பங்கள் உச்சத் தொகைக்குத் தகுதி பெறும். அந்த உச்சத் தொகையும் தனியார் கட்டணம் முழுவதையும் ஈடுகட்டாது. மேலும் பணம் சேர்ந்த அன்றே கைக்கு வராது, விண்ணப்பம் ஏற்கப்பட்டு வந்துசேரும் வரை முதல் செமஸ்டரைச் சொந்தப் பணத்தில் ஓட்ட வேண்டியிருக்கும். இடையில் செமஸ்டர் தேர்ச்சி 2.00 புள்ளிக்குக் கீழே இறங்கினால் கடன் தடைபடும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

இந்தக் கடனுக்குச் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. 20,000 வெள்ளியை 10 ஆண்டில் திருப்பிக் கட்டினால் 2,000 வெள்ளி சேர்ந்து 22,000, மாதம் ஏறக்குறைய 183 வெள்ளி. வேலை கிடைத்தவருக்குத் தாங்கக்கூடிய தொகை. படிப்பைப் பாதியில் விட்டவரும் வாங்கிய பணத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும். சான்றிதழ் இல்லாமல் கடன் மட்டும் கையில் இருக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளத்தான் இவ்வளவு கணக்கும்.

பெற்றோர் தங்கள் ஊழியர் சேமநிதியிலிருந்தும் பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, இதற்கான பணம் செஜாத்தெரா கணக்கில் இருக்கிறது. புதிய சந்தாவில் 15 விழுக்காடே அங்கே போகிறது என்பதால், பலருக்கு அது பெரிய தொகையாக இராது. வாய்ப்புக் கடிதத்தையும் கட்டண விவரத்தையும் கேட்பார்கள், அதனால் கடிதத்தின் அசலைத் தொலைக்கக் கூடாது. முதுமைக்கு வைத்த பணம் அது என்பதால் கடைசியாகத் தொடுவதே நல்லது.

தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பில் துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், உறுப்பினர் பிள்ளைகளின் கல்விக்கு உதவி வருகிறது. தாத்தாவோ பாட்டியோ அதில் பங்கு வைத்திருந்து, அந்தப் புத்தகம் பழைய இரும்புப் பெட்டியில் கிடக்கும் வீடுகள் இன்னும் உண்டு. எடுத்துப் பார்க்கலாம். எம்ஐஇடி கல்விக் கடன், மித்ரா வழியாக வரும் உதவிகள் ஆகியவற்றின் நிபந்தனையும் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பத் தேதி முடிந்த பிறகு தெரிய வருவதுதான் நம்மவர்களின் பழைய கதை.

உபகாரச் சம்பளம் என்ற சொல்

அரசாங்கமோ அறவாரியமோ தரும் உபகாரச் சம்பளம் வேறு. தனியார் கல்லூரிக் கடிதத்தில் வரும் அந்தச் சொல் பெரும்பாலும் கட்டணத் தள்ளுபடிதான். யாரும் கையில் பணம் தரப்போவதில்லை. தள்ளுபடி கெட்டதல்ல. ஆனால் அது முதலாண்டுக்கு மட்டுமா, எல்லா ஆண்டுக்குமா? ஒவ்வொரு செமஸ்டரிலும் இத்தனை புள்ளி எடுத்தால்தான் தொடருமா? இடையில் விலகினால் தள்ளுபடி செய்த தொகையைத் திருப்பிக் கேட்பார்களா? மடிக்கணினி இலவசம் என்பதெல்லாம் எப்படியும் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கும். 3.50 புள்ளி எடுத்தால்தான் தொடரும் என்ற நிபந்தனை இருந்தால், 5 கிரெடிட்டோடு போகும் பிள்ளைக்கு அந்தத் தள்ளுபடியை இல்லாததாகவே வைத்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பு.

மூன்றாவது கடிதத்தில் உள்ள மருத்துவமனை ஆதரவு உண்மையான உதவி. கட்டணத்தை மருத்துவமனை ஏற்கிறது, சில இடங்களில் மாதப் படியும் உண்டு. படிப்பு முடிந்ததும் வேலையும் அங்கேயே. அதற்கு ஈடாக இத்தனை ஆண்டு அங்கே வேலை செய்வதாகக் கையெழுத்திட வேண்டும். முன்னதாக வெளியேறினால் இழப்பீடு கட்ட வேண்டும். தேர்வில் தோல்வி கண்டால் என்ன, உடல்நலமில்லாமல் போனால் என்ன, சொந்த ஊர்ப் பக்கம் மாற்றம் கிடைக்குமா, ஒப்பந்தத்துக்கு ஜாமீன் நிற்பது யார், அவர் எவ்வளவு தொகைக்குப் பொறுப்பு என்பனவற்றைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து, பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடமோ விவரம் தெரிந்த உறவினரிடமோ காட்டலாம். கொண்டுபோகக் கூடாது என்று சொன்னால் அதுவே ஒரு பதில். பணம் இல்லாத, வேலை உறுதி வேண்டும் என்கிற, ஊர் மாறத் தயங்காத பிள்ளைக்கு மூன்றில் இதுவே சிறந்த கடிதமாக இருக்கக்கூடும். இருபத்திரண்டு வயதில் சிங்கப்பூருக்கோ வேறு நாட்டுக்கோ வேலைக்குப் போக வேண்டும் என்று கனவு காணும் பிள்ளைக்கு இதுவே கால்விலங்கு.

நேரில் போய்ப் பார்ப்பது

திறந்த நாள் என்று கல்லூரி அழைக்கும் நாளில் போனால் பலூனும் கேக்கும்தான் தெரியும். சாதாரண வேலை நாளில் போக வேண்டும். கடைவீட்டு மாடியில் நடக்கும் கல்லூரி என்பதாலேயே அது மோசம் என்று சொல்லிவிட முடியாது. பதிவேட்டில் முழு அங்கீகாரத்தோடு அப்படிச் சிறிய கல்லூரிகள் இருக்கின்றன. பார்க்க வேண்டியது ஆய்வகத்தில் உள்ள பொருள்கள் கைபட்டவையா, வகுப்பு நடக்கிறதா, தாதிமை என்றால் எந்த மருத்துவமனைகளில் எத்தனை மாதம் பயிற்சி என்பவை.

எல்லாவற்றையும்விடப் பயனுள்ள விசாரணை சிற்றுண்டிக் கடையில் நடக்கும். மூன்றாம் ஆண்டு மாணவர் இரண்டு பேரைப் பிடித்து, "உங்களோடு சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் போதும். முப்பது பேரில் இருபத்தெட்டுப் பேர் இருந்தால் ஒரு கதை, பதினைந்து பேர் இருந்தால் வேறு கதை. விரிவுரையாளர்கள் அடிக்கடி மாறுகிறார்களா, கட்டணம் தாமதமானால் தேர்வு எழுத விடுகிறார்களா என்பதையும் அவர்களே சொல்வார்கள். விடுதியைப் பெண் பிள்ளையின் அம்மா நேரில் பார்க்க வேண்டும். இரவில் அங்கிருந்து பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்பது எந்த விளம்பரத்திலும் வராது.

வீடு தேடி வரும் கல்வி முகவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் நல்லவர்கள் உண்டு, விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாத குடும்பங்களுக்கு அலைச்சலை மிச்சப்படுத்தியவர்கள் உண்டு. ஆனால் மாணவர் சேர்ந்தால் கல்லூரி அவர்களுக்குத் தரகுப் பணம் தருகிறது. எந்தெந்தக் கல்லூரிகளுக்காக வேலை செய்கிறீர்கள் என்று நேரடியாகக் கேட்பதில் தப்பில்லை. பணத்தைக் கல்லூரியின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்தி ரசீது வாங்க வேண்டும், முகவரின் சொந்தக் கணக்கில் ஒரு காசும் போடக் கூடாது. எஸ்பிஎம் அசல் சான்றிதழையும் பிறப்புப் பத்திரத்தையும் யாரிடமும் விட்டுவைக்கக் கூடாது. நகல் போதும், அசலைச் சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தருவதுதான் முறை.

பிள்ளையின் விருப்பத்தை எங்கே வைப்பது என்பதும் ஒரு கேள்வி. தோழிகள் போகிறார்கள் என்பதற்காகக் கிள்ளான் பள்ளத்தாக்கைக் கேட்கும் பிள்ளையும் உண்டு, பணக்கஷ்டம் தெரிந்து வாய் திறக்காமல் பக்கத்துக் கல்லூரிக்குத் தலையாட்டும் பிள்ளையும் உண்டு. மேலே போட்ட கணக்கை மறைக்காமல், அவர்கள் முன்னாலேயே ஒரு தாளில் போட்டுக் காட்டினால், பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். படிப்பையே பிடிக்காமல் போகும் பிள்ளை எந்தக் கல்லூரியிலும் மூன்றாம் ஆண்டைப் பார்ப்பதில்லை. அதனால் எந்தக் கல்லூரி என்பதில் பெற்றோர் பேச்சு எடுபடலாம், எந்தப் படிப்பு என்பதில் பிள்ளையின் பேச்சுக்கே எடை அதிகம்.

முடிவு செய்தபின் மீதமுள்ள கல்லூரிகளுக்கு வேண்டாம் என்று மின்னஞ்சலில் எழுதிவிட வேண்டும். சும்மா விட்டால் தொலைபேசி நிற்காது. முன்பணம் கட்டியிருந்தால், அதைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தையும் கெடு முடிவதற்குள் அதோடு அனுப்பி, ரசீதின் நகலை இணைத்து, அனுப்பிய தேதி தெரியும்படி ஒரு பிரதியை வீட்டுக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. சேரும் கல்லூரியின் கட்டண அட்டவணையும், எம்கியூஆர் பக்கத்தை அச்செடுத்த தாளும் அதே கோப்பில் இருக்கட்டும். இரண்டாம் ஆண்டில் கட்டணம் கூடிவிட்டது என்று சொல்லும்போது எடுத்துக் காட்ட அவை வேண்டியிருக்கும்.